ஆவடி குவார்ட்டர்ஸ் புலிக்குப் பெயர் மாற்றப் போனது

விற்க முடியாத பொருள் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது என்பதுதான் இருபத்தாறு வயதுவரை என் கொள்கை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் மனஸ்தாபம் இல்லாமல் பிரிந்த பிறகு, போன இடத்திலெல்லாம் யாரோ எதையோ யாருக்கோ விற்றுக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன். லாரி கிளீனராக பெங்களூர் சாலையில் போய் வந்தேன். துமகூரில் ஓர் ஓட்டலில் மாவாட்டினேன். குண்டூர் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கினேன். அங்கே தூக்கத்திலும் தும்மல் வரும். தங்க இடமில்லாத ஊர்களில் லாரிக்கு அடியில் படுத்தேன். (மழைக்கு அது நல்ல இடம். டிரைவர் சொல்லாமல் வண்டியை எடுக்காதவரைக்கும்.)

கடைசியில் சொந்த ஊரான நசரத்பேட்டைக்கே திரும்பி வந்து, பழைய ஸ்கூட்டர் வாங்கி விற்கும் தரகரானேன். அலுவலகம், கரையான்சாவடியில் ஒரு டீக்கடை பெஞ்சு. அந்தத் தொழிலுக்கு வேண்டிய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஆர்.சி. புத்தகம் சரியாக இருந்தால் எந்த வண்டியையும் விற்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்து, அதிகாரி சுற்றிப் பார்ப்பார், பழையவர் பெயரை அடித்துப் புதியவர் பெயரைப் போடுவார், முடிந்தது. இந்த ஒரே சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒரு புலியை விற்கப் போனேன்.

நிஜப் புலி. செத்த புலிதான், ஆனால் நிஜம்.

புலிக்குச் சொந்தக்காரர் செபாஸ்டியன் மாமா. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, அதன் குவார்ட்டர்ஸிலேயே குடியிருப்பு. என்னிடம் ஒரு பழைய லாம்பிரெட்டா வாங்கினார். அதற்குப் பெயர் மாற்றிய புத்தகத்தைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோதுதான் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். சாமி படங்களுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், முன் அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதுவரை புலி என்றால் எனக்குத் தீப்பெட்டிப் படம். இது என் இடுப்பு உயரம் இருந்தது. வாலை நீட்டினால் சமையலறைக்குள் போய்விடும் என்று சுருட்டிவைத்தது போலிருந்தது. வாய் திறந்திருந்தது. நாக்கு பிளாஸ்டர், அதன்மேல் சிவப்பு இனாமல் பெயிண்ட். வயிற்றில் தையல். ஒரு கண்ணாடிக் கண் இன்னொன்றைவிடக் கொஞ்சம் மஞ்சள். அந்துருண்டை வாசனை. இத்தனை குறையும் தெரிந்தும், வாங்கிய டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். காட்டில் இதை எதிரில் பார்த்தவன் எப்படி நின்றிருப்பான் என்று நினைத்தேன். டீ ஆறிப்போனது. டீ கொண்டுவந்து கொடுத்தது ஸ்டெல்லா, மாமாவின் ஒரே மகள் என்பதையே அரைமணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன். (அவள் இன்றும் இதை மன்னிக்கவில்லை.)

மாமாவின் அப்பா, வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது, தான் சுட்டுப் பாடம் பண்ணி வைத்திருந்த புலியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதனால் வீட்டில் புலிக்குப் பெயரே துரை. "துரைக்குத் தூசி தட்டினியா?" என்பார் அத்தை, அதாவது ஸ்டெல்லாவின் அம்மா. வனவிலங்குச் சட்டம் வந்ததும், மாமா பயந்துபோய் முறைப்படி புலியைக் கணக்குக் காட்டி, வன இலாகாவின் உரிமைச் சான்றிதழையும் வாங்கிவைத்திருந்தார். சட்டம் என்றால் பள்ளிக்கூடத்துப் பையன்போல் கையைக் கட்டிக்கொள்கிற மனிதர்.

லாம்பிரெட்டா அடிக்கடி மக்கர் செய்தது. நானும் அடிக்கடி போனேன். (அந்த லாம்பிரெட்டாவை விற்றதுதான் என் வாழ்க்கையின் சிறந்த வியாபாரம்.) ஸ்டெல்லாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டது. மாமாவுக்கு மட்டும் முடிவாகவில்லை.

"தம்பி, நீ நல்ல பையன்தான்" என்றார். "ஆனா, எந்த ஊர்லயாச்சும் ரெண்டு கிறிஸ்துமஸ் சேர்ந்தாப்ல இருந்திருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். லாரியோடு சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இல்லை.

அந்த வருடம் அவருக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கரையான்சாவடியில் பார்த்திருந்த புது வீட்டில் கட்டில் போட்டால் புலிக்கு இடமில்லை, புலியை வைத்தால் கட்டிலுக்கு இடமில்லை. அத்தை கட்டில் பக்கம். மாமா கொஞ்ச நாள் ஊசலாடிவிட்டு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ வியாபாரி. இதை முறையா, ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லாத மாதிரி வித்துக் குடு. என் பென்ஷன் நேரம் பாரு, கேஸு கீஸுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருவான். இதைச் சுத்தமா முடிச்சுக் குடுத்தா, அப்புறம் ஓலை வாசிக்கிறதைப் பத்திப் பேசுவோம்."

ஓலை வாசிப்பது என்றால், கல்யாணத்துக்கு முன் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று அறிவிப்பது. அதாவது புலி போனால் ஸ்டெல்லா வருவாள்.

ஆள் பிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. நசரத்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் புது ஓட்டல் திறந்திருந்த கஜேந்திரன், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம ஓட்டல் வாசல்ல புலி நின்னுகினு இருந்தா, பெங்களூர் பஸ்ஸு ஒண்ணு நிக்காம போவுமாபா? எல்லாம் லீகலா கீதா?"

"உரிமைச் சான்றிதழ் இருக்கு. பேர் மாத்திக் குடுத்துடறேன்" என்றேன், ஒரு வெஸ்பாவுக்குச் சொல்வதுபோல. பெயர் மாறிய பிறகுதான் பணம், அதுவரை அட்வான்ஸும் கிடையாது என்றார். ஸ்கூட்டரிலும் அதுதான் வழக்கம். ஒப்புக்கொண்டேன்.

பெயர் மாற்ற வேண்டுமானால் வண்டியை நேரில் காட்ட வேண்டும் அல்லவா? ஆகவே புலியை வன இலாகா அலுவலகத்துக்கே கொண்டுபோவது என்று தீர்மானித்தேன். இதில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு ஒழுங்கான தரகன் பூந்தமல்லி வட்டாரத்தில் இருக்கிறானா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மாமாவிடம் ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினேன். அவரும் "நேர்ல காட்டிடறதுதான் முறை" என்று தலையாட்டினார். வெள்ளிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும் முனுசாமியை அழைத்துவந்தேன்.

முனுசாமியிடம் மீன்பாடி வண்டி, அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டி, இருந்தது. முன்னால் பலகை, பின்னால் ஒரு பழைய ஸ்கூட்டர் எஞ்சின் (நான் விற்றதுதான்). அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே குதித்தான்.

"இன்னா அண்ணாத்தே, மேஜைன்னு சொன்னே! இது முய்ச்சிகினு கீதே!"

"செத்துப் போனது முனுசாமி."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?"

பக்கத்து வீட்டு ஆட்களையும் சேர்த்து நாலு பேர் பிடித்துத் தூக்கினோம். நான் நினைத்ததைவிடக் கனம் குறைவு, உள்ளே வைக்கோலும் மரச் சட்டமும்தான். ஆனால் தூக்கும்போது அதன் முகம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். முனுசாமி "சாமி, சாமி" என்றான். அத்தை ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பை எடுத்துப் போர்த்தினார். அது கழுத்துவரைதான் வந்தது. குளிருக்குப் போர்த்திக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட பெரியவர்போல் துரை உட்கார்ந்திருந்தார். நின்றிருந்தார் என்று சொல்ல வேண்டும். வண்டியில் ஏறியபின் என்னவோ எனக்கும் மரியாதை வந்துவிட்டது.

"இதை வித்துட்டு வந்தாத்தான் நானா?" என்றாள் வாசலில் நின்ற ஸ்டெல்லா.

"ஆமா."

"அப்ப சீக்கிரம் வா. துரைக்கு நகம் இருக்கு, பாத்துப் பிடி" என்று உள்ளே போய்விட்டாள்.

பருத்திப்பட்டு தாண்டி, திருவேற்காடு வழியாக நெடுஞ்சாலையைப் பிடிப்பது என் திட்டம். திட்டத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. அது ஆடி மாதம். ஆடி வெள்ளிக்கிழமை. (ஆடியில் கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும், வாடகை குறையும் என்பது மட்டும்தான் கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களுக்கு ஆடியைப் பற்றித் தெரிந்தது.)

திருவேற்காட்டுக்குள் நுழையும்போது தெரு முழுக்க மஞ்சள் புடவை. வேப்பிலை, கூழ்க் குடம், பம்பைச் சத்தம். அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவில், மீன்பாடி வண்டியில், வாயைத் திறந்துகொண்டு ஒரு புலி வந்தது. காற்றில் படுக்கை விரிப்பு நழுவி விழுந்தது.

பம்பை நின்றது. அந்த அமைதியை நான் அதற்குப் பிறகு எங்கும் கேட்டதில்லை. பிறகு யாரோ ஒரு பெண் தொண்டை கிழிய "ஆத்தா!" என்றாள். தெரு மொத்தமும் குலவையிட்டது.

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதற்குள் புலியின் கழுத்தில் மாலை விழுந்தது. நெற்றியில் மஞ்சள், அதன்மேல் குங்குமம். வாயில் எலுமிச்சம்பழம். வண்டியைச் சுற்றிக் கற்பூரம். உள்ளே வைக்கோல் ஆயிற்றே என்று நான் கற்பூரத் தட்டுகளைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தேன். முனுசாமியோ அதற்குள் பதவி ஏற்றுக்கொண்டுவிட்டான்.

"கற்பூரத்த தூரமா காட்டுமா! இடிக்காதே! ஒவ்வொருத்தரா வா, ஆத்தா எங்கியும் ஓடிடாது!"

"முனுசாமி, வண்டியை எடுடா!"

"எப்டி எடுக்கறது அண்ணாத்தே? குறுக்க பூந்துகினு உயுந்து கும்புடுதுங்க, மேல ஏத்தவா?"

அந்தச் சந்தடியில் ஒருத்தி மட்டும் சத்தம் போடவில்லை. ஒல்லியான பெண், இடுப்பில் காய்ச்சல் கண்ட குழந்தை. புலியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு அதன் காதோடு ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். மனிதர்கள் யாரும் அவளை அவ்வளவு நேரம் பேசவிட்டிருக்க மாட்டார்கள். முடித்துவிட்டுக் குழந்தையின் கையை எடுத்துப் புலியின் நெற்றியில் வைத்தாள். குழந்தை சிரித்தது.

"இது எந்தக் கோயில் புலி, அண்ணே?"

"ஆவடி குவார்ட்டர்ஸ்" என்றேன்.

அவள் ஆவடி இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒருவழியாக நெடுஞ்சாலைக்கு வந்து, நகரத்துக்குள் வன இலாகா அலுவலகத்தை அடைந்தோம். வாசலில் கஜேந்திரன் புல்லட்டில் சாய்ந்து காத்திருந்தார். மாலையும் குங்குமமும் வேப்பிலையுமாகப் புலியைப் பார்த்து, "இது என்னா, பூஜையெல்லாம் போட்டே கொண்டாந்துட்டியா? குட், குட்" என்றார்.

வராந்தாவுக்கு ரேஞ்சர் வந்தார். காக்கி உடுப்பு, நரைத்த மீசை. நான் சான்றிதழையும் மாமாவின் கடிதத்தையும் நீட்டினேன்.

"சார், பேர் மாத்தணும்."

"யார் பேரை?"

"புலி ஓனர் பேரை. இவர் வாங்கறார். வண்டியையும்... புலியையும் கொண்டாந்திருக்கேன். சுத்திப் பாத்துக்குங்க சார். ஒரிஜினல் பாடி."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். படி இறங்கி மெதுவாக வண்டியைச் சுற்றி வந்தார். புலியின் வாயிலிருந்த எலுமிச்சம்பழத்தை இரண்டு விரலால் எடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். அலுவலகத்தில் இருந்த எல்லோரும் வெளியே வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"காட்டுலதான் என் சர்வீஸே போச்சு" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "உயிரோட ஒரு புலியை முழுசாப் பாத்ததில்ல. ஒரு தடவை வாலை மட்டும் பாத்தேன். ரெண்டு நாள் தூங்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது.

"இது வச்சுக்கறதுக்குக் குடுத்த சான்றிதழ். விக்கறதுக்கு இல்ல. புலியை விக்கக் கூடாது, வாங்கக் கூடாது, விக்கறேன்னு சொல்லக்கூடக் கூடாது. எங்களைக் கேக்காம ரோட்டுல கொண்டாந்ததே குத்தம். வருஷக்கணக்கில ஜெயில்."

புல்லட் உதைபடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். கஜேந்திரன் போன இடத்தில் புகை மட்டும் இருந்தது.

எனக்கு உடனே பயம் வரவில்லை. முதலில் வந்தது ஆச்சரியம்தான். "எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும் விக்க முடியாதா சார்?"

"யார் கேட்டாலும்."

"ஆனா இது செத்துப் போச்சே சார். அதுவும் வெள்ளைக்காரன் காலத்துல."

"செத்த புலிக்கு ஒரு விலை வந்துச்சுன்னா, உயிரோட இருக்கற புலிக்குத் துப்பாக்கி வரும்" என்றார்.

வண்டியில் நின்ற துரையைப் பார்த்தேன். மிளகாய் முதல் மாடு வரை, ரத்தம் முதல் தலைமுடி வரை விலை போவதைப் பார்த்தவன் நான். மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையில் நான் நின்றபோது, மண்டிக்காரர்கள் எனக்கே காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் யாராலும் விலை சொல்ல முடியாத ஒன்றை நான் படுக்கை விரிப்பு போர்த்தி மீன் வண்டியில் ஏற்றி வந்திருக்கிறேன். எனக்கு அதைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, மாமாவின் பென்ஷன் ஞாபகத்தோடு.

தொழிற்சாலைக்குப் போன் போனது. செபாஸ்டியனின் புலி பிடிபட்டிருக்கிறது என்று அங்கே யாரோ சொல்லிவைக்க, மூன்று பேர் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். மாமா தொழிற்சாலை உடுப்போடு, வியர்வை வழிய வந்து சேர்ந்தார். குங்குமப் பொட்டு வைத்த புலியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், இவருக்கு ஒண்ணும் தெரியாது. அந்த லெட்டர்ல கையெழுத்தும் நான் போட்டதுதான். நான்தான் இவர் வேலைக்குப் போன நேரத்துல எடுத்துட்டு வந்துட்டேன். என்னைப் பிடிச்சுப் போடுங்க." வீரமெல்லாம் இல்லை. ஜெயிலில் கூரை இருக்கும், சோறு வரும். நான் தங்கிய சில ஊர்களைவிட மோசமாக இருக்காது என்று ஒரு கணக்கு. அவருக்கோ இழப்பதற்கு இத்தனை வருட உழைப்பு இருந்தது.

ரேஞ்சர் மாமாவைப் பார்த்தார். "இவன் சொல்றது நிஜமா? நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க கவர்ன்மென்ட் ஆளு."

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆம் என்று தலையாட்டினால் போதும். பென்ஷன் வரும், புலியும் ஒழியும், மகளைக் கேட்கிற நாடோடியும் ஒழிவான்.

"பொய் சொல்றான் சார்" என்றார் மாமா. "விக்கச் சொன்னது நான். கையெழுத்துப் போட்டது நான். தப்புன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. எதுவா இருந்தாலும் என் பேர்ல எழுதுங்க. மாப்பிள்ளையை விட்டுருங்க."

மாப்பிள்ளை. அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் செய்த காரியம், முனுசாமியைத் திரும்பிப் பார்த்ததுதான். அவன் "உன்னத்தான் சொல்றாரு நைனா" என்றான்.

ரேஞ்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். மீசையை நீவினார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"பணம் கை மாறிச்சா?"

"இல்ல சார். பேர் மாறின பிறகுதான் தருவேன்னாரு."

"புலியைக் கடத்தறவன் ராத்திரியில கடத்துவான். சாக்குல கட்டிக் கடத்துவான். எங்க ஆபீசுக்கே மேளதாளத்தோட கொண்டாந்து, சுத்திப் பாருங்கன்னு சொன்ன ஆளை நான் பாக்கல. உன்னைக் கோர்ட்டுல நிறுத்தினா ஜட்ஜு என்னைத்தான் பைத்தியம்பாரு."

மேலதிகாரியிடம் பேசினார். நடந்ததை எழுதிக் கையெழுத்து வாங்கினார். புது வீட்டு விலாசத்தைப் பதிந்து, புலியைத் திரும்பக் கொண்டுபோக அனுமதியும் எழுதிக் கொடுத்தார். இனி எச்சரிக்கை கிடையாது, நேராக வழக்குத்தான் என்றார்.

"சார், அப்ப இதை என்னதான் பண்றது?" என்றார் மாமா பரிதாபமாக. "கட்டில் போட எடமில்ல."

"வச்சுக் காப்பாத்துங்க. உங்களுக்கு அப்புறம் உங்க வாரிசுக்கு."

"ஒரே பொண்ணு சார்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மாமாவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. வண்டியை விற்று முடித்த தரகன் முகத்தில் வருமே, அந்தச் சிரிப்பு.

திரும்பும்போதும் திருவேற்காடு வழிதான். விழுந்துவிடாமல் இருக்க மாமா பலகையில் ஏறிப் புலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலக் கூட்டம் மறுபடியும் குலவையிட்டது. கும்பிட்ட கைகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு, தொழிற்சாலை உடுப்பில், கழுத்தில் ஜெபமாலை தெரிய, அவரும் கூச்சத்தோடு கையைக் கூப்பினார். அதை நிறுத்த அவருக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. நெடுஞ்சாலை போலீஸ்காரருக்கும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

பென்ஷன் குறையில்லாமல் வந்தது. ஓலையும் வாசித்தார்கள். புது வீட்டில் கட்டில் போடவில்லை. மாமாவும் அத்தையும் கடைசிவரை பாயில்தான் படுத்தார்கள். அவர்களுக்குப் பிறகு துரை முறைப்படி ஸ்டெல்லாவின் பெயருக்கு மாறி எங்கள் வீட்டில் நிற்கிறார். நானும் அன்றிலிருந்து ஊர் மாறவில்லை. புலியோடு வருகிறவனுக்கு யார் வாடகை வீடு கொடுப்பார்கள்? ஆகாத காரியத்துக்கு நான் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால், "அப்பா புலி விக்கப் போறாரு" என்று வீட்டில் சொல்வது வழக்கமாகிவிட்டது.

போன வருடம் என் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டுவிட்டு, பையனின் அம்மா மெதுவாக, "பொண்ணுக்கு என்ன செய்யறதா உத்தேசம்?" என்றார்.

"புலி" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா நாங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். அதுக்கு முன்னாடி கேட்டீங்கன்னா உங்களுக்கும் ஜெயில், எங்களுக்கும் ஜெயில்."

அந்த அம்மா சிரிப்பதா வேண்டாமா என்று கணவரைப் பார்த்தார். பையன் அங்கே இல்லை. உள் அறையில், காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி, துரைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தான். காபி ஆடை கட்டிவிட்டது. என் மகள் பக்கத்தில் நிற்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"பையன் பரவாயில்ல" என்றேன் ஸ்டெல்லாவிடம்.